காலரில் போட்ட குறி

அந்த இராக்கி சிப்பாய்ப் பையனுக்குப் போர்வை கொடுத்தது என் தப்பு. நல்ல கனமான பழுப்புப் போர்வை. யாரோ ஒரு அமெரிக்கச் சிப்பாய் எங்களிடம் சலவைக்குப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான், மூன்று மாதமாகக் கேட்க ஆளில்லை. சூப்பர்வைசர் கண்ணில் படாமல் அதைச் சுருட்டி ஒளித்து வைத்திருந்து, ஒரு நாள் காலை அவன் கையில் திணித்தேன். மறுநாள் பார்த்தால் அதே போர்வை இன்னொருத்தன் தோளில் வருகிறது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"போர்வை எங்கடா?" என்றேன்.

"அவனுக்குக் காய்ச்சல். எனக்கு வேற இருக்கு."

வேறு எதுவும் கிடையாது. அவன் கூடாரத்தைப் பார்த்தவன் நான். சிமெண்டுச் சாக்கை விரித்து, அதன்மேல் அட்டையைப் போட்டு, அதன்மேல் இரண்டு பேருக்கு ஒரு கம்பளி. "வேற இருக்கு" என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும் பொய். ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கும்போதும் அதுதான், சிகரெட்டைக் கொடுக்கும்போதும் அதுதான். கொடுத்ததை வைத்துக்கொள்ளத் தெரியாத அப்படி ஒரு ஜென்மத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அவன் பேரை எழுதப்போவதில்லை. அவனிடம் இரண்டு அடையாள அட்டை இருந்தது, இரண்டிலும் வேறு வேறு பேர். இராக்கில் அப்போது உள்நாட்டுச் சண்டை. பேரைக் கேட்டே ஷியாவா சுன்னியா என்று கண்டுபிடித்துக் கொன்றார்கள். ஒரு சாலைக்கு ஒரு பேர், இன்னொரு சாலைக்கு இன்னொரு பேர். எது அவன் அம்மா வைத்தது என்று எனக்கும் சொன்னான். அது என்னோடு இருக்கட்டும்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். குவைத்தில் ஃபர்வானியாவில் ஒரு லாண்டரியில் இஸ்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கேம்ப்பில் வேலை, சம்பளம் இரட்டிப்பு என்றான் ஒருத்தன். கேம்ப் என்றால் எங்களுக்கு லேபர் கேம்ப், வேறென்ன தெரியும். பஸ்ஸில் ஏற்றினார்கள். பார்டரைத் தாண்டும்போது கையில் ஒரு இரும்புத் தொப்பியையும் குண்டு துளைக்காத சட்டையையும் கொடுத்தார்கள். அப்போதுதான் பக்கத்தில் இருந்த பெருமாள் அண்ணன், "டேய், நம்மள வெளுக்கக் கூட்டிட்டுப் போறானா, சாகக் கூட்டிட்டுப் போறானா?" என்று கேட்டார். அண்ணன் பட்டுக்கோட்டைக்காரர், எதையும் நக்கலாகத்தான் கேட்பார். அன்றைக்கு அவர் குரலில் நக்கல் இல்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருடக் கடைசி. பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் குளிர் ஒரு சாபம். விடிகாலையில் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும், உள்ளே தண்ணீர் உறைந்திருக்கும். மழை பெய்தால் கேம்ப் முழுக்கக் களிமண். பூட்ஸ் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ கனக்கும். அமெரிக்கப் பட்டாளத்துக்கு ஹீட்டர் போட்ட அறைகள். எங்களுக்குக் கண்டெய்னர், அதில் சின்ன ஹீட்டர். கேம்ப்பின் அந்தக் கோடியில் இராக்கி சிப்பாய்களுக்குக் கிழிந்த கூடாரம், டீசல் அடுப்பு. டீசல் வராது. எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

எங்கள் சலவைக் கொட்டகைக்குப் பின்னால் ட்ரையர் மெஷின்களின் புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து சூடான ஈரக் காற்று வரும், சோப்பு வாசனையோடு. காலை ஆறு மணிக்குக் காவல் டவர் டியூட்டி முடிந்து இராக்கி பையன்கள் நேரே அங்கே வந்துவிடுவார்கள். சாக்ஸுக்குள் பிளாஸ்டிக் பை கட்டியிருப்பார்கள், ஈரம் ஏறாமல் இருக்க. விரலெல்லாம் நீலம் பாரித்துப் போயிருக்கும். குழாய்க்கு முன்னால் நாலு பேர்தான் நிற்க முடியும். அவன் முதல் ஆளாக வருவான், கையை நீட்டி ஒரு நிமிஷம் காட்டுவான், அடுத்தவன் வந்ததும் நகர்ந்துவிடுவான். பல்லெல்லாம் தந்தியடிக்கும், நிற்க மாட்டான்.

"ஏண்டா, நீயும் மனுஷன்தானே? நின்னுதான் தொலையேன்!" என்று நான் கத்துவேன்.

நான் பேசுவது குவைத் அரபி, அவனுடையது இராக் அரபி. பாதி புரியும், மீதியைக் கையால் பேசுவோம். அதைத்தான் இங்கே தமிழாக எழுதுகிறேன். முதலில் என்னை "ஹிந்தி" என்று கூப்பிட்டான், அங்கே இந்தியாக்காரன் எல்லோருக்கும் அதுதான் பேர். பிறகு "அஹூய்" என்று கூப்பிட ஆரம்பித்தான். என் சகோதரனே என்று அர்த்தம். என்னைவிட ஆறு வயது சின்னவன், இருபத்தாறு இருக்கும். தாடி ஒழுங்காக முளைக்காத முகம்.

ஒருமுறை பகலிலேயே சைரன் அலறியது. குண்டு போடுகிறான் என்று அர்த்தம். நான் இஸ்திரிப் பெட்டியைப் போட்டது போட்டபடி வெளியே ஓடினேன். என் ஹெல்மெட் கட்டிலடியில் கிடக்கிறது. சிமெண்டு பங்கருக்குள் விழுந்து முழங்காலுக்குள் தலையைச் சொருகிக்கொண்டேன். மேலே ஏதோ கனமாக உட்கார்ந்தது. பார்த்தால் அவன் ஹெல்மெட். என் தலையில் கவிழ்த்துவிட்டு, வாரையும் மாட்டிவிடுகிறான், சின்னப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல. அவன் வெறுந்தலையோடு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு குண்டு கிட்டே விழுந்தது, மண் கொட்டியது.

எல்லாம் அடங்கியதும் நான் நன்றி சொல்லவில்லை, திட்டினேன். "கிறுக்குப் பயலே, உனக்கு ஏதாவது ஆகியிருந்தா என் மனசு என்ன பாடு பட்டிருக்கும்? அதை நினைச்சியா?" தமிழில்தான் திட்டினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, தலையைத் தலையை ஆட்டினான். பெருமாள் அண்ணன் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார், "இந்த மாதிரி ஆளு பக்கத்துல இருந்தா நிம்மதியாத் தூங்க முடியாதுடா. கடன்காரன் மாதிரி ஆக்கிப்புடுவான் நம்மள." உண்மைதான். அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அவ்வளவு கடுப்பாகவும் இருக்கும்.

குளிரையும் குண்டையும்விட அந்தப் பையன்கள் பயந்தது லீவுக்குத்தான். மாதத்தில் ஒரு வாரம் வீட்டுக்குப் போகலாம். பேங்க் எதுவும் ஓடவில்லை, சம்பளத்தைக் கையில் கொண்டுபோனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் வழியெல்லாம் முகமூடிக்காரர்கள் வண்டியை மறிப்பார்கள். ராணுவத்தில் இருப்பவன் என்று தெரிந்தால் அங்கேயே இறக்கிவிடுவார்கள், பிறகு பிணம்தான் கிடைக்கும். அதனால் யூனிஃபார்ம், பூட்ஸ், அட்டை எல்லாவற்றையும் கேம்ப்பிலேயே விட்டுவிட்டு, சாதாரணச் சட்டையில் சந்தைக்குப் போகிறவன் மாதிரி போவார்கள். தலைமுடியைக்கூட இரண்டு வாரம் வெட்டாமல் வளர விடுவார்கள். துப்பாக்கி வார் தோளில் தடம் விட்டிருக்கிறதா என்று சட்டையை இறக்கிப் பார்ப்பார்களாம், அதை அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான்.

அவன் யூனிஃபார்மை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவான். நான் வெளுத்து, தேய்த்து, தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

ஜனவரியில் அவனுக்கு லீவு வந்தது. முதல் நாள் கொட்டகைக்கு வந்தான், கையில் அவன் ஊர்ச் சட்டை. வெளிர் நீலத்தில் கோடு போட்டது. கூடாரத்தில் தண்ணீர் புகுந்து சட்டை முழுக்கச் சேறு. "தண்ணியில அலசி வெளியே காயப்போட இடம் இருக்கா?" என்று கேட்டான். நான்தான் பெரிய மனுஷனாக, "அலசுறதா? குடு இப்படி. மாப்பிள்ளை மாதிரி அனுப்புறேன் பாரு" என்று பிடுங்கினேன். வெளுத்து, ட்ரையரில் போட்டு, காலரும் கையும் கத்தி மாதிரி நிற்கத் தேய்த்துக் கொடுத்தேன். அவன் அங்கேயே போட்டுக்கொண்டான். சட்டையில் இன்னும் சூடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சூட்டை அனுபவித்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். காலையில் மினி பஸ்ஸில் போய்விட்டான்.

அன்று பகல் பதினோரு மணிக்கு ஒரு மூட்டை யூனிஃபார்ம் என் மேசையில் கிடந்தது. நான் வழக்கம்போல ஒவ்வொன்றாக எடுத்து, காலரைத் திருப்பி, கறுப்பு மார்க்கரால் குறி போட்டுக்கொண்டிருந்தேன். இராக்கி பையன்களின் துணியும் எங்களிடம் வர ஆரம்பித்த பிறகு துணி மாறிப்போய் ஒரே சண்டை. அதனால் குறி போடாத எதுவும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது சூப்பர்வைசர் உத்தரவு. கேம்ப்புக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்து, ஆளுக்கு ஒரு நம்பர். எத்தனை தடவை வெளுத்தாலும் போகாத மை. மூளைக்கு அதில் வேலையே இல்லை, கை தானாகப் போடும்.

அவன் நம்பர் போட்ட யூனிஃபார்ம் கையில் வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

நேற்று அந்த நீலச் சட்டைக்கும் போட்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. எடுத்தேன், திருப்பினேன், போட்டேன், மெஷினில் தள்ளினேன். ராணுவக் கேம்ப்பின் குறியை அவன் பிடரியில் எழுதி, இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பெருமாள் அண்ணனிடம் ஓடினேன். அவர் முதலில், "எவன்டா காலரத் திருப்பிப் பாக்கப் போறான்?" என்றார். சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகமும் மாறிவிட்டது. தோளைப் பார்க்கச் சட்டையை இறக்குகிறவனுக்குக் காலர் கண்ணில் படாதா? "யாருகிட்டயும் சொல்லாத. சாமியக் கும்பிடு" என்றார். கும்பிட்டேன். ஊரில் இருக்கும் எங்கள் கருப்பனுக்கு, பேர் தெரியாத ஊரின் சாலையில் போகும் ஒருத்தனைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன். அந்த ஏழு நாளும் சோறு இறங்கவில்லை. மெஷின் சத்தத்தில்கூட யாரோ அவனை அடிப்பதுபோலக் கேட்கும். பாவி, பாவி என்று என்னை நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் மத்தியானம் அவன் வந்தான்.

கொட்டகை வாசலில் நின்று "அஹூய்!" என்றான். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, முதுகைத் தட்டிக் கொடுத்தான். ஒரு நிமிஷம் கழித்துத்தான் பார்த்தேன், அவன் போட்டிருப்பது ஒரு பழைய ஸ்வெட்டர், கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

"சட்டை எங்க?"

"தம்பிக்குக் கொடுத்துட்டேன். அவனுக்கு நாளைக்குப் பரீட்சை, பாக்தாத் போறான். போட்டுக்க நல்ல சட்டை இல்ல. நீ தேச்சதப் பாத்துட்டு ஆசைப்பட்டான்." பிறகு சிரித்தபடி சொன்னான். "எனக்கு வேற இருக்கு."

அவனுக்கு ஒரு தம்பி இருப்பது எனக்குத் தெரியும். பத்தொன்பது வயது, மெக்கானிக் படிப்பு. போட்டோ காட்டியிருக்கிறான். அவனை அங்கேயே உட்காரவைத்துச் சொன்னேன். ஒரு யூனிஃபார்மின் காலரைத் திருப்பிக் காட்டி, "இது, இது அந்தச் சட்டையிலும் இருக்கு. நான் போட்டேன். தெரியாமப் போட்டேன்" என்றேன். அவன் அந்தக் குறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் போய்விட்டது.

டெலிபோன் கண்டெய்னருக்கு ஓடினோம். இராக்கிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. நான் உள்ளே போய், என் பெண்டாட்டியிடம் பேச வைத்திருந்த கார்டைப் போட்டு, அவன் எழுதிக் கொடுத்த நம்பரை அடித்தேன். லைன் இல்லை. மறுபடி அடித்தேன். வெளியே கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவன் நிற்கிறான், ஒவ்வொரு தடவையும் நான் இல்லையென்று தலையை ஆட்ட வேண்டியிருக்கிறது. சாயங்காலம்வரை எத்தனை தடவை அடித்தேன் என்று கணக்கில்லை. அவர்கள் ஊரில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது, அவனும் கேம்ப்பை விட்டுப் போக முடியாது. ஆபீசரிடம் போய்க் கெஞ்சினான். விரட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழரைக்கு லைன் கிடைத்தது. ஒரு பெண் குரல், அவன் அம்மா. எனக்குப் பேசத் தெரிந்த அரபியெல்லாம் மறந்துபோய், "சின்னவன் எங்கே? சின்னவன் எங்கே?" என்று மட்டும் கத்தினேன். அந்த அம்மா பயந்துபோய்ச் சொன்னாள், விடியும்போதே புறப்பட்டுவிட்டான் என்று.

வெளியே வந்து அவனிடம் அதைச் சொன்னேன். "கைர், கைர்" என்றான். நல்லதே நடக்கும் என்பார்கள் அப்படி. என் தோளைத் தட்டிவிட்டு டியூட்டிக்குப் போனான்.

அதன்பிறகு அவன் புகைக்குழாய்ப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் பெருமாள் அண்ணன் கேட் பக்கம் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பஸ்ஸ மறிச்சு நாலு பேர இறக்கியிருக்கானுங்கடா. அதுல அந்தப் பயலும் ஒருத்தன். பாடி கெடச்சிருச்சாம். இவன அடக்கத்துக்கு அனுப்பியிருக்கானுங்க." பிறகு, "எதுக்கு இறக்குனானுங்கன்னு யாருக்குத் தெரியும்? பேருக்கா இருக்கும். மூஞ்சிக்கா இருக்கும். நீயா எதையும் நெனைக்காத" என்றார்.

நினைக்காமல் எப்படி இருப்பது? இந்தத் தடவை அவன் யூனிஃபார்மை என்னிடம் விட்டுவிட்டுப் போகவில்லை, வேறு யாரிடமோ கொடுத்திருந்தான். அவன் என்னை மன்னிக்கவில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு அதுவே போதுமாக இருந்தது. வந்து என்னை அடிக்கட்டும், துப்பாக்கியைக்கூட எடுக்கட்டும் என்று நினைத்தேன். அவன் எனக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டான், நான் அவன் தம்பியை அடையாளம் போட்டு அனுப்பினேன். இன்றைக்குத் துபாயில் அல் குசைஸில் ஒரு லாண்டரியில் இருக்கிறேன், முதலாளி எவ்வளவு சத்தம் போட்டாலும் துணியில் எழுத மாட்டேன், சீட்டுத்தான் குத்துவேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவன் வந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, பத்து வயது கூடிப்போயிருந்தது. நான் எழுந்து நின்றேன். அவன் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து சட்டையை எடுத்து என் மேசையில் விரித்தான். வெளிர் நீலம், கோடு போட்டது.

"வீட்லதான் இருந்துச்சு. அன்னைக்குக் குளிருன்னு அவன் வேற போட்டுட்டுப் போயிட்டான். பாரு" என்றான். அவனே காலரைத் திருப்பிக் காட்டினான். உள்ளே குறி இருந்தது.

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. கும்பிடப் போன கையோடு சட்டையை எடுத்தேன்.

எத்தனை ஆயிரம் சட்டை பார்த்த கை இது. அந்தத் துணியில் கடைக்கஞ்சி இன்னும் முழுசாகப் போகவில்லை. வாங்கி ஒரே ஒரு தண்ணி பட்டிருக்கிறது, அதுவும் கையால் அலசியது. நான் தேய்த்த சட்டையைவிடக் கோடு ஒரு நூல் தடிமன் அதிகம். குறி மட்டும் தண்ணீரே படாமல் பளிச்சென்று இருந்தது. எழுத்தும் நம்பரும் என்னுடையவை மாதிரியேதான், ஆனால் எழுதியது இல்லை, வரைந்தது. யூனிஃபார்மைப் பக்கத்தில் வைத்தோ, மனசில் பதிந்ததை வைத்தோ, இங்கிலீஷ் தெரியாத ஒருத்தன் ஒவ்வொரு கோடாகப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான். இதை வீட்டிலேயே வரைந்து, அதே சாலையில், அதே ஆட்களுக்கு நடுவே பையில் வைத்துக்கொண்டு வந்தானா, இல்லை கேம்ப்புக்குள் வந்த பிறகு வரைந்தானா? இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமில்லை.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். டவரில் நிற்கிறவன் மாதிரி, விறைப்பாக, அசையாமல்.

"இதேதான்" என்றேன். "நான் போட்டதுதான்."

"இதேதானே?"

"ஆமா. இதேதான்."

அப்புறம்தான் அவன் துணி மூட்டைமேல் உட்கார்ந்து, தன் தம்பிக்காக அழுதான்.